சொந்த மென்பொருளை விற்பவருக்கு உரிம ஒப்பந்தம்: முதல் வரியிலிருந்து கடைசித் திருத்தம் வரை

தனியாகவோ இருவர் மூவராகச் சேர்ந்தோ மென்பொருள் எழுதி விற்பவர்கள் உரிம ஒப்பந்தத்தைப் பற்றிப் பெரும்பாலும் வெளியீட்டுக்கு முந்தைய இரவில்தான் நினைக்கிறார்கள். இன்ஸ்டாலர் தயாராக இருக்கும், பணம் வாங்கும் வழியும் தயாராக இருக்கும், "ஏற்கிறேன்" என்ற பொத்தானுக்கு மேலே மட்டும் வெற்றிடம் இருக்கும். கைக்குக் கிடைத்த ஒரு பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தை எடுத்து, பெயரை மாற்றி, அந்த இடத்தை நிரப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன்; என் மென்பொருளில் இல்லவே இல்லாத ஒரு வசதியைப் பயனர் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று என் ஒப்பந்தம் ஓராண்டு முழுவதும் கண்டிப்புடன் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கவனிக்க மாட்டார்கள் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 2005 வாக்கில் பிசி பிட்ஸ்டாப் என்ற நிறுவனம் தன் ஒப்பந்தத்தின் நடுவே, இதைப் படித்துவிட்டு எழுதுகிறவருக்குப் பணம் தரப்படலாம் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்தது. நான்கு மாதங்கள் கழித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்களுக்குப் பின், ஒரே ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தம் படிக்கப்படும் நேரங்களும் இருக்கின்றன. வீட்டுக் கணினியிலும் நிறுவலாமா, வேலையை விட்டுப் போனவரின் உரிமச் சாவியை (மென்பொருளைத் திறக்கும் குறியீட்டை) அடுத்தவருக்குக் கொடுக்கலாமா, சந்தா முடிந்தால் பழைய கோப்புகள் திறக்குமா என்று சந்தேகம் வரும்போது பணம் கொடுத்த வாடிக்கையாளர் அதைத் தேடிப் படிக்கிறார். திருட்டு நகல் வைத்திருப்பவர் ஒருநாளும் படிப்பதில்லை. ஆகவே அந்த நேர்மையான வாடிக்கையாளரை மனத்தில் வைத்து எழுதுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒப்பந்தமும், விலைப் பக்கமும், நிரலும் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சாதிப்பதற்காகத்தான்.

விளக்கத்துக்கு வசதியாக, பொருள்களுக்கு பார்கோடு லேபிள் அச்சிடும் ஒரு மேசைக்கணினி மென்பொருளை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: விற்பது உங்களுடையதுதானா என்று பாருங்கள்

மென்பொருள் உரிமம் என்பது பதிப்புரிமையின் மேல் நிற்கிறது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஏற்பாடான பெர்ன் உடன்படிக்கையின் (1886) முறைப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை தோன்றிவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளாகக் கருதிப் பாதுகாக்க வேண்டும் என்று உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. இவ்வளவு வலுவான உரிமை உங்கள் கையில் இருக்கிறது என்றால், அது முழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அது கசியும் இடங்கள் மூன்று.

முதலாவது, நீங்கள் பார்க்கும் வேலை. வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில் எழுதியதாக இருந்தாலும், பணி ஒப்பந்தத்தில் "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்" என்பது போன்ற ஒரு வரி இருந்தால் அதை ஒதுக்கிவிட முடியாது. விற்பனை தொடங்கும் முன் இந்த மென்பொருளின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் விலக்குப் பெறுங்கள். விற்பனை நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு அதே கடிதத்தைக் கேட்டால் பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

இரண்டாவது, உதவி செய்தவர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு பகுதியை எழுதித் தந்த ஒப்பந்தக்காரர், பணம் வாங்கிவிட்டார் என்பதாலேயே பதிப்புரிமையை உங்களுக்குத் தந்துவிட்டதாகப் பல நாட்டுச் சட்டங்கள் எடுத்துக்கொள்வதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, காலம் குறிப்பிடப்படாத உரிமை மாற்றத்தை 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாததை இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்கிறது. "எல்லா உரிமைகளும் உனக்கே" என்று நண்பர் அனுப்பிய ஒற்றை வரிக் குறுஞ்செய்தி ஆறாம் ஆண்டில் எதற்குப் பயன்படும் என்று யோசித்துப் பாருங்கள். ஐகான் வரைந்தவர், எழுத்துரு வடிவமைத்தவர், ஒலித்துணுக்கு தந்தவர் என அனைவருக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, பிறர் எழுதிய லைப்ரரிகள், அதாவது உங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகிய உரிமங்களில் உள்ளவற்றை மூலநிரலை வெளியிடாத மூடிய மென்பொருளில் சேர்க்கலாம். ஆனால் அவற்றின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம உரையையும் உங்கள் மென்பொருளோடு சேர்த்தே தர வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். ஜிபிஎல் உரிமத்தில் உள்ள லைப்ரரியை உங்கள் நிரலோடு இணைத்து விநியோகித்தால், முழு நிரலையும் ஜிபிஎல் உரிமத்திலேயே, மூலநிரலோடு தர வேண்டியிருக்கும். எல்ஜிபிஎல் சற்று நெகிழ்வானது. லைப்ரரியைத் தனிக் கோப்பாக வைத்து, பயனர் அதை மாற்றிக்கொள்ள வழி விட்டால் உங்கள் நிரல் மூடியதாகவே இருக்கலாம். ஏஜிபிஎல் உரிமத்தில் உள்ளதை மாற்றி, நெட்வொர்க் வழியாகப் பிறர் பயன்படுத்தும்படி சர்வரில் ஓடவிட்டாலே மூலநிரல் தரும் கடமை வந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைத்ததற்கு எவர் வழக்குப் போடப் போகிறார் என்று எண்ண வேண்டாம். ஒரு திறந்த மூல உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்று அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் ஜேக்கப்சன் எதிர் காட்ஸர் வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் நேரடியாகச் சேர்த்த லைப்ரரிகளை மட்டும் பார்த்தால் போதாது. அவை இழுத்துக்கொண்டு வந்தவற்றையும் சேர்த்துப் பட்டியலிடும் கருவி பெரும்பாலான நிரல்மொழிகளுக்கு இருக்கிறது; அதைப் பில்டின் (மூலநிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலையின்) ஒரு பகுதியாகவே வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: சட்ட மொழிக்கு முன் ஒரு தாள்

ஒப்பந்தத்தின் முதல் வரியை எழுதுவதற்கு முன், வெற்றுத் தாளில் பேச்சுத் தமிழிலேயே விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். எதற்குப் பணம் வாங்குகிறேன்: ஆளுக்கா, கணினிக்கா, நிறுவனத்துக்கா? எவ்வளவு காலத்துக்கு? புதிய பதிப்பு வந்தால் என்ன? காலம் முடிந்த மறுநாள் காலை மென்பொருளைத் திறந்தால் பயனர் எதைப் பார்ப்பார்? பணத்தை எப்போது திருப்பித் தருவேன்? இந்தத் தாளில் தடுமாற்றம் இருந்தால், அதை எந்த வழக்கறிஞரின் மொழியாலும் சரிசெய்ய முடியாது.

காலம் பற்றிய முடிவுதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது. நிரந்தர உரிமம் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும்; ஆனால் மூன்றாம் ஆண்டில் வரும் இயங்குதள மாற்றத்துக்கு மென்பொருளைத் தயார்செய்யும் செலவை முதல் ஆண்டில் வாங்கிய பணம் ஏற்காது. சந்தா உங்களுக்கு நிம்மதி தரும். ஆனால் பணம் கட்டுவதை நிறுத்திய நாளில் வேலையே நின்றுவிடும் என்பதை வாடிக்கையாளர்கள் வெறுக்கிறார்கள். நிரலாளர்களுக்கான கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015இல் சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தபோது நிரலாளர்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின், ஓராண்டுச் சந்தா கட்டி முடித்தவர் சந்தாவை நிறுத்தினாலும் ஒரு குறிப்பிட்ட பதிப்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. தனியாக விற்பவர்களுக்கு இந்த நடுவழியையே நான் பரிந்துரைப்பேன்: வாங்கிய பதிப்பு என்றைக்கும் ஓடும், புதிய பதிப்புகள் 12 மாதங்களுக்கு வரும், அதற்குப் பிறகு விரும்பினால் புதுப்பித்துக்கொள்ளலாம்.

"வாழ்நாள்" என்ற சொல்லைத் தாளிலேயே அடித்துவிடுங்கள். நான் ஒரு சிறு கருவிக்கு "வாழ்நாள் புதுப்பிப்புகள்" என்று விளம்பரம் செய்து விற்றேன். சில ஆண்டுகளில் அதை முழுதாக மாற்றி எழுத வேண்டி வந்தபோது, அது புதிய மென்பொருளா, பழையதன் புதுப்பிப்பா என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். யாருடைய வாழ்நாள் என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். என்னிடம் இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லை; புதிய பதிப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தேன்.

மூன்றாம் படி: உரிமம் வழங்கும் ஷரத்து

ஒப்பந்தத்தின் உயிர் இந்த ஒரு பத்தியில்தான் இருக்கிறது. மற்ற ஷரத்துகளுக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால் இதற்கு ஒரு நாள் செலவிடுங்கள். பெரும்பாலான மாதிரி ஒப்பந்தங்களில் இது இப்படி இருக்கும்:

"இந்த மென்பொருளை ஒரு கணினியில் பயன்படுத்த உங்களுக்கு உரிமம் வழங்கப்படுகிறது."

படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. லேபிள் அச்சிடும் கிடங்கு ஒன்றுக்குள் இந்த வாக்கியத்தை எடுத்துச் சென்று பாருங்கள். அங்கே ஒரே கணினியில் மூன்று ஷிப்டுகளில் மூன்று பேர் உட்காருகிறார்கள். அது ஒரு உரிமமா, மூன்றா? லேபிளை வடிவமைப்பவர் அலுவலகக் கணினியிலும் மடிக்கணினியிலும் மாறிமாறி வேலை செய்கிறார். ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் தொடுகிறார், ஆனால் கணினி இரண்டு. ஐ.டி. பிரிவினர் மென்பொருளை ஒரு சர்வரில் நிறுவி, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இருபது பேருக்குத் திறந்துவிடுகிறார்கள், கணினி ஒன்றுதான். பழுதான கணினியை மாற்றினால் என்ன, மெய்நிகர்க் கணினியை (ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியை) பிரதி எடுத்தால் அது எத்தனை கணினி? அந்த ஒற்றை வாக்கியத்திடம் இவை எதற்கும் விடை இல்லை, அல்லது நீங்கள் விரும்பாத விடை இருக்கிறது.

அளவுகோலை முதலில் தேர்ந்தெடுங்கள், பிறகு அதன் ஓரங்களை எழுதுங்கள். ஒருவரே பல கருவிகளில் பயன்படுத்தும் மென்பொருளுக்கு ஆள் கணக்கு பொருந்தும். பலர் மாறிமாறி உட்காரும் ஒரே இடத்துக்குக் கணினிக் கணக்கு பொருந்தும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கு பெரிய நிறுவனங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதை எண்ணுவதற்கு நீங்கள் ஒரு உரிம சர்வரை எழுதிப் பராமரிக்க வேண்டும். தனியாளுக்கு அந்தப் பாரம் தேவையில்லை. நம் லேபிள் மென்பொருளுக்கு நான் எழுதக்கூடியது இது:

"ஒவ்வோர் உரிமமும் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரு பயனருக்கு உரியது. அவர் தாம் பயன்படுத்தும் அதிகபட்சம் மூன்று கணினிகளில் மென்பொருளை நிறுவலாம். மெய்நிகர்க் கணினியும் ஒரு கணினியாகவே எண்ணப்படும். உரிமத்தை வாங்கிய நிறுவனம், அந்தப் பயனர் பணியிலிருந்து விலகினாலோ பொறுப்பு மாறினாலோ, வேறொருவருக்கு அதை மாற்றித் தரலாம். மாற்றாக, கிடங்கு உரிமம் வாங்கப்பட்டிருந்தால், ஒரு குறிப்பிட்ட கணினியை அதன் முன் அமர்ந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நெட்வொர்க் வழியாகப் பிற கணினிகளிலிருந்து பயன்படுத்தக் கூடாது."

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்த கிடங்கு மேலாளருக்கு உங்களிடம் மின்னஞ்சலில் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இதே பத்தியில் வேறு சிலவும் இடம்பெற வேண்டும். உரிமம் பிரத்தியேகமானது அல்ல என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்தவருக்கு விற்க உங்களுக்கு உரிமை உண்டா என்ற வீண் விவாதத்துக்கு இடம் தருவீர்கள். எந்த நாடுகளில் செல்லும் என்பதை "உலகம் முழுவதும்" என்று எழுதிவிடலாம். மென்பொருளைக் கொண்டு பயனர் உருவாக்கும் லேபிள்கள், கோப்புகள், படங்கள் அவருக்கே சொந்தம் என்று தனி வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வெளியீட்டுக்குள் உங்கள் எழுத்துருவோ வார்ப்புருவோ கலந்திருந்தால், அதை அவர் வணிக நோக்கில் பயன்படுத்தலாமா என்பதும் வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால் வாங்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுவிற்பனையைப் பற்றி மௌனமாக இருக்க வேண்டாம். "இது விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது" என்ற பழகிய வாக்கியம் எல்லா இடத்திலும் ஒரே பலனைத் தருவதில்லை. அமெரிக்காவில் 2010இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கை விசாரித்த ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தம் தன்னை உரிமம் என்று சொல்லி, மாற்றித் தருவதையும் பயன்பாட்டையும் கணிசமாகக் கட்டுப்படுத்தினால் வாங்கியவர் உரிமையாளர் அல்ல, உரிமம் பெற்றவர் மட்டுமே என்றது. 2012இல் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் நேர்எதிராக, காலவரையற்ற உரிமத்தை ஒருமுறைக் கட்டணத்துக்குத் தந்தால் அது விற்பனையே, வாங்கியவர் மறுவிற்பனை செய்வதைத் தடுக்க முடியாது என்றது. ஆனால் மறுவிற்பனை செய்பவர் தன் நகலை அழித்துவிட வேண்டும் என்றும், பலருக்கான ஒரு தொகுப்பு உரிமத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. நிரந்தர உரிமம் விற்பவர் இந்த இரண்டு நிபந்தனைகளையும் அப்படியே தன் ஒப்பந்தத்தில் எழுதி, முழு உரிமத்தையும் மாற்றித் தர அனுமதிப்பதே நேரான வழி. தடை போட்டு வைத்துவிட்டு, யாராவது மாற்றியபோது சண்டைக்குப் போகும் நேரமும் பணமும் தனியாளிடம் இருப்பதில்லை.

நான்காம் படி: தடைகள், குறைவாக

நகல் எடுத்து விநியோகிக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, சாவியை வெளியிடக் கூடாது, உரிமச் சோதனையை உடைக்கக் கூடாது. சாதாரண மென்பொருளுக்கு இவ்வளவுதான் வேண்டும். தடைப் பட்டியல் நீள நீள, ஒப்பந்தம் பயனரைச் சந்தேகிப்பதாகத் தோன்றும்.

நிரலைப் பிரித்து அதன் உள்ளமைப்பைப் பார்க்கக் கூடாது என்ற தடையை எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் கொஞ்சம் நிதானம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்பொருள் நெறிமுறை, முதலில் 1991இலும் பிறகு 2009இல் தொகுக்கப்பட்ட வடிவிலும், வேறொரு நிரலோடு இணைந்து இயங்கச் செய்வதற்குத் தேவையான அளவுக்குப் பிரித்துப் பார்க்கும் உரிமையையும், தேவையான காப்பு நகல் எடுக்கும் உரிமையையும் ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்கிறது. இன்னொரு சிக்கல் உங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கலாம்: எல்ஜிபிஎல் லைப்ரரி சேர்த்திருந்தால், பயனர் அந்த லைப்ரரியை மாற்றிப் பிழைதிருத்துவதற்காகச் செய்யும் பிரித்துப்பார்த்தலை நீங்கள் தடை செய்யக் கூடாது என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. ஆக, கண்மூடித்தனமான தடை ஒன்றைப் போட்டால், வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தப் போய் நீங்களே ஒரு உரிமத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். "சட்டமோ, இணைக்கப்பட்ட பிறர் லைப்ரரிகளின் உரிமமோ அனுமதிக்கும் அளவைத் தவிர" என்ற தொடர் இந்த இடத்தில் தவறாமல் வர வேண்டும்.

நல்ல எண்ணத்தில் எழுதப்படும் தெளிவற்ற தடைகளும் வம்புதான். ஜேசன் என்ற தரவு வடிவத்தை அறிமுகப்படுத்திய டக்ளஸ் கிராக்ஃபோர்டு எழுதிய ஜேசன் உரிமத்தில், மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதைச் சுதந்திரமற்ற உரிமம் என்று வகைப்படுத்தியது. எது தீமை என்று எந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவும் கையெழுத்திட்டுச் சொல்லாது.

ஐந்தாம் படி: உத்தரவாதமும் பொறுப்பின் எல்லையும்

பழைய ஒப்பந்தங்களில் இந்தப் பகுதி மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் அல்ல. விற்பனைத்தகுதி பற்றிய மறைமுக உத்தரவாதத்தை (விற்ற பொருள் சாதாரணப் பயன்பாட்டுக்குத் தகுந்தது என்று சட்டமே சேர்த்துக்கொள்ளும் உறுதியை) எழுத்தில் மறுப்பதானால் அது கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதற்கு எளிதான வழியாகப் பெரிய எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, ஆகவே தடித்த எழுத்தும் தனித் தலைப்பும் அந்த வேலையைச் செய்யட்டும்.

"உள்ளது உள்ளபடியே" என்று எழுதிவிட்டால் எல்லாப் பொறுப்பும் போய்விடும் என்பது தவறு. நுகர்வோருக்கு விற்கும்போது பல நாடுகளில் சட்டம் தரும் உரிமைகளை ஒப்பந்தம் நீக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் உள்ளடக்க விதிகளின்படி, விற்ற மென்பொருள் சொன்னபடி இயங்க வேண்டும், அதற்குத் தேவையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் தர வேண்டும். எனவே மறுப்புக்கு முன்னால், நீங்கள் உண்மையில் தரக்கூடிய ஒரு சிறு உறுதியைத் தாருங்கள்: வாங்கிய 30 நாட்களுக்குள் மென்பொருள் விளக்கக் கையேட்டில் சொன்னபடி இயங்கவில்லை என்றால், சரிசெய்வோம் அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம். தனியாக விற்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதைவிட மலிவான தகராறுத் தீர்வு கிடையாது.

பொறுப்பின் உச்ச வரம்பை எண்ணால் எழுதுங்கள். கடந்த 12 மாதங்களில் வாடிக்கையாளர் கட்டிய தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்பது பரவலான அளவு. லேபிள் தவறாக அச்சாகி ஒரு லாரி சரக்கு திரும்பி வந்தால், அந்த இழப்பு உங்கள் மென்பொருளின் விலையைப் போல் ஆயிரம் மடங்காக இருக்கலாம். இந்த வரி அந்த நாளுக்காக இருக்கிறது.

ஆறாம் படி: புதுப்பிப்பு, தரவு, முடிவு

புதுப்பிப்பு எது, புதிய பதிப்பு எது என்பதை எண்ணால் சொல்லிவிடுங்கள்: 3.1 என்பது 3.2 ஆனால் புதுப்பிப்பு, 4.0 ஆனால் புதிய பதிப்பு. ஆதரவு என்றால் மின்னஞ்சலா, எத்தனை வேலை நாட்களுக்குள் பதில் என்பதையும் சொல்லுங்கள். மென்பொருள் உங்கள் சர்வருக்கு எதையாவது அனுப்பினால், எதை, எதற்காக என்பதை ஒப்பந்தத்துக்குள் புதைக்காமல் தனித் தனியுரிமை அறிக்கையில் எழுதுங்கள். ஐரோப்பியப் பயனர்களின் தனிப்பட்ட தரவைக் கையாளுவதானால், 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தக்கூடும்; உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது அதிலிருந்து உங்களை விடுவிக்காது.

தனியாளிடம் வாங்குபவர் வெளியில் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: நீங்கள் இதை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? அதற்கு ஒப்பந்தத்திலேயே விடை எழுதலாம். விற்பனையை நிறுத்தினால் 90 நாட்களுக்கு முன் அறிவிப்பேன், உரிமச் சாவியைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சர்வரை மூடும் முன் அது தேவைப்படாத கடைசிப் பதிப்பை நிரந்தர உரிமம் வைத்திருப்பவர்களுக்குத் தருவேன் என்ற இரண்டு வாக்கியங்கள் பெரும் நம்பிக்கையைத் தரும். ஆனால் அந்தக் கடைசிப் பதிப்பை இன்றே ஒருமுறை பில்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

உரிமம் ரத்தாகும் விதமும் அளவோடு இருக்கட்டும். நிபந்தனை மீறப்பட்டால் முதலில் அறிவிப்பு, சரிசெய்ய 30 நாள், அதன் பின் ரத்து. தெரியாமல் நான்காவது கணினியில் நிறுவிவிட்ட நல்ல வாடிக்கையாளரை இது காப்பாற்றும்.

ஏழாம் படி: ஒப்புதல் பெறுவது

எவ்வளவு நல்ல ஒப்பந்தமும், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார் என்று காட்ட முடியாவிட்டால் வெறும் உரைதான். இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகள் இதன் இரு கரைகளையும் காட்டுகின்றன. 1996இல் புரோசிடி எதிர் ஸைடன்பர்க் வழக்கில், பெட்டிக்குள் இருந்ததும் நிரலை இயக்கும்போது திரையில் தோன்றியதுமான உரிமம் செல்லும் என்று தீர்ப்பானது. படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தர வாய்ப்பு இருந்தது என்பது அதில் முக்கியமாகக் கருதப்பட்டது. 2002இல் ஸ்பெக்ட் எதிர் நெட்ஸ்கேப் வழக்கில், பதிவிறக்கப் பொத்தானுக்கும் கீழே, திரையை உருட்டினால்தான் தெரியும் இடத்தில் இருந்த நிபந்தனைகள் பயனரைக் கட்டுப்படுத்தவில்லை.

ஆகவே பணம் கட்டும் பக்கத்திலேயே ஒப்பந்தத்துக்கு இணைப்பு கொடுங்கள். முன்கூட்டியே டிக் செய்யப்படாத பெட்டி ஒன்றை வையுங்கள். இன்ஸ்டாலரிலும் அதையே காட்டுங்கள். யார், எந்த நேரத்தில், ஒப்பந்தத்தின் எந்தப் பதிப்பை ஏற்றார் என்பதை ஆர்டர் பதிவோடு சேமியுங்கள். இந்த மூன்றாவது விவரத்துக்கு டேட்டாபேஸில் ஒரே ஒரு புலம் போதும், ஆனால் பெரும்பாலானவர்களிடம் அது இல்லை.

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வழியாக விற்றால், நீங்கள் சொந்த ஒப்பந்தம் தராதவரை ஆப்பிளின் நிலையான உரிம ஒப்பந்தமே பொருந்தும். சொந்தமாகத் தந்தால் அது ஆப்பிள் கேட்கும் குறைந்தபட்ச நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். ஒரே மென்பொருளை ஸ்டோரிலும் உங்கள் தளத்திலும் விற்பவர்கள், இரண்டு ஒப்பந்தங்களின் கணினி எண்ணிக்கையும் திரும்பப் பெறும் விதியும் வேறுபடுவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் சார்பில் தானே விற்பனையாளராக நின்று வரியையும் கட்டும் இடைத்தரகு நிறுவனத்தின் மூலம் விற்றால், வாங்குபவரின் பணப் பரிவர்த்தனை அந்த நிறுவனத்தோடும், உரிமம் உங்களோடும் என்பதை ஒரு வரியில் தெளிவுபடுத்துங்கள்.

எட்டாம் படி: நிரலும் அதையே சொல்லட்டும்

ஒப்பந்தம் மூன்று கணினி என்கிறது, ஆக்டிவேஷன் நிரல் இரண்டோடு நின்றுவிடுகிறது. விலைப் பக்கம் "என்றென்றும்" என்கிறது, நிரலில் ஒரு காலாவதித் தேதி ஒளிந்திருக்கிறது. வாடிக்கையாளர்களின் கோபக் கடிதங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்து வருகின்றன. ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் நிரலில் ஒரு மாறிலி (மாறாத மதிப்பு) இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

தனியாளுக்கு மிகவும் தோதான முறை, கையொப்பமிட்ட உரிமக் கோப்பு. வாங்கியவரின் பெயர், உரிம வகை, புதுப்பிப்புகள் முடியும் தேதி ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி, எட்25519 போன்ற டிஜிட்டல் கையொப்ப முறையில் உங்கள் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பினால், மென்பொருள் தன்னுள் இருக்கும் பொதுச் சாவியைக் கொண்டு இணையம் இல்லாமலேயே அதைச் சரிபார்த்துவிடும். இது கணினிகளின் எண்ணிக்கையைக் கட்டாயப்படுத்தாது என்பது உண்மை. அதற்கு ஒரு சர்வர் வேண்டும். ஆனால் சர்வர் விழுந்த ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு கிடங்கின் வேலை நிற்காது. சர்வர் வைத்தே ஆக வேண்டும் என்றால், அது பதில் தராத நிலையிலும் மென்பொருள் சில வாரங்கள் ஓடட்டும், அந்தக் கெடுவை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். சந்தா முடிந்தவரின் கோப்புகளைப் படிக்கவும் ஏற்றுமதி செய்யவும் எப்போதும் விடுங்கள்.

ஒன்பதாம் படி: பெரிய நிறுவனம் தன் தாளோடு வரும்போது

ஒரு நாள் ஐம்பது உரிமங்களுக்கு ஆர்டர் வரும், கூடவே "எங்கள் ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட வேண்டும்" என்று நாற்பது பக்கங்களும் வரும். அதுவரை வழக்கறிஞரிடம் போகாதிருந்தாலும் இப்போது போங்கள். போகும் முன் நீங்களே படித்து, எதற்கெல்லாம் விலை உண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறருடைய அறிவுசார் உரிமையை மென்பொருள் மீறினால் இழப்பீடு தருவேன் என்ற ஷரத்து கட்டாயம் இருக்கும். அதை முழுதாக மறுத்தால் ஆர்டர் போய்விடும், வரம்பில்லாமல் ஏற்றால் உங்கள் வீடே பணயமாகிவிடும். முதல் படியில் லைப்ரரிகளைப் பட்டியலிட்டது இங்கேதான் கைகொடுக்கும்: எதைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று தெரிந்தவர்தான் தொகை வரம்போடு தைரியமாக ஒப்புக்கொள்ள முடியும். நீங்கள் இல்லாமல் போனால் மூலநிரல் வேண்டும் என்றும் கேட்பார்கள். மூலநிரலை நேரடியாகக் கொடுக்காமல், மூன்றாம் தரப்புக் காப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்து, குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும் வெளியிடச் செய்யும் ஏற்பாடு உண்டு; அதன் கட்டணத்தை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. உங்கள் கணக்குகளை ஆய்வு செய்யும் உரிமை, 24 மணி நேர ஆதரவு, விருப்பம்போல் ரத்து செய்யும் உரிமை ஆகியவற்றை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். பல சமயங்களில் அந்தத் தாள் எல்லாச் சப்ளையர்களுக்கும் பொதுவாக அனுப்பப்படுவதுதான், எதிர்முனையில் இருப்பவர் எதிர்ப்பே இல்லாமல் ஏற்றுக்கொள்வார்.

எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் பாருங்கள். சொந்த ஒப்பந்தத்தில் உங்கள் நாட்டைக் குறிப்பிட்டிருப்பீர்கள். நுகர்வோரைப் பொறுத்தவரை அவரவர் நாட்டுப் பாதுகாப்பு பெரும்பாலும் தொடரும், நிறுவனங்களைப் பொறுத்தவரை இது பேரத்தில் முடிவாகும்.

பத்தாம் படி: திருத்தும்போது

ஒப்பந்தமும் நிரலைப் போலவே மாறும். அதற்கும் பதிப்பு எண்ணும் தேதியும் கொடுத்து, மூலநிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் சாதாரண உரைக் கோப்பாக வைத்திருங்கள். எந்த வாக்கியம் எப்போது, ஏன் மாறியது என்று ஒவ்வொரு மாற்றத்தோடும் பதியும் கமிட் குறிப்பிலேயே தெரிந்துவிடும். "எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பின்றி மாற்றுவோம்" என்ற வரியை எழுதாதீர்கள். நிரந்தர உரிமம் வாங்கியவருக்கு, அவர் வாங்கிய அன்றைய ஒப்பந்தமே அந்தப் பதிப்புக்குப் பொருந்தும்; புதிய பதிப்புக்கு உயர்த்திக்கொள்ளும்போது புதிய உரையைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். சந்தாதாரருக்கு, அடுத்த புதுப்பிப்புக்கு 30 நாட்களுக்கு முன், மாறிய வரிகளை மட்டும் எடுத்துக்காட்டி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பழைய பதிப்புகள் அனைத்தையும் உங்கள் தளத்தில் தேதியோடு திறந்தே வைத்திருங்கள். ஏழாம் படியில் சேமித்த அந்தப் புலத்தில் "2.3" என்று இருந்தால், 2.3இல் என்ன எழுதியிருந்தது என்பதை வாடிக்கையாளரும் நீங்களும் ஒரே பக்கத்தில் பார்க்க முடிய வேண்டும்.